தையல் பிரியாமல் சிரிப்பது எப்படி, தெரியுமா?

வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர், சிரிப்பதற்கு முன்னால் ஒரு தலையணையைத் தேட வேண்டும், தெரியுமா? குடலிறக்கமோ, கர்ப்பப்பையோ, சிசேரியனோ, நெஞ்சைத் திறந்து செய்த பைபாஸோ, எதுவானாலும் இதே கதைதான். இருமல், தும்மல், சிரிப்பு மூன்றிலும் உடம்புக்குள் ஏறக்குறைய ஒரே வேலைதான் நடக்கிறது. வயிற்றுத் தசை சட்டென்று இறுகுகிறது, உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது, காற்று வெடித்து வெளியே வருகிறது, தையல் போட்ட இடம் சுளீரென்று இழுக்கிறது. ஒரு தலையணையைத் தையலின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டால் அந்த இழுப்பு பாதி அடங்கிவிடும். இருமுவதற்காக ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் பாடம் இது. வீட்டுக்கு வந்தபின் இருமலைவிடச் சிரிப்புக்கே அதிகம் கை கொடுக்கிறது!

அதுவும் நெய்வேலி டவுன்ஷிப் வீடுகளில் கேட்கவே வேண்டாம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக ஓடுகிற ஊர். ஷிப்ட் முறையில் வேலைக்குப் போகிறவர் இருக்கும் குவார்ட்டர்ஸில், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர் காலை பத்து மணிக்கு உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார். முன்னறையில் ஆபரேஷன் முடிந்த பெரியவர் மாத்திரை மயக்கத்தில் கிடப்பார். பகலில் தூங்க வேண்டியவர்கள் ஒரே வீட்டில் இரண்டு பேர்! மிக்ஸி ஓடக் கூடாது, டிவி வாயைத் திறக்கக் கூடாது, பக்கத்து வீட்டு அக்கா வந்தால் கேட்டைத் தூக்கித் திறக்க வேண்டும். வீடே கிசுகிசுவென்று பேசும். அப்போது பார்த்துக் குக்கர் விசில் அடிக்கும்.

"ஆயா, மெதுவா! அப்பா தூங்குறாரு."

"நான் எங்கடா பேசுனேன்? குக்கரு பேசுது."

அவ்வளவுதான். முன்னறைக் கட்டிலில் தலையணை குலுங்க ஆரம்பிக்கும். "சிரிப்பு மூட்டாதீங்க, தையல் இழுக்குது" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, வாயைப் பொத்திக்கொண்டிருந்த எல்லாருக்கும் பீறிட்டு வரும். நெய்வேலி நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் அடைபட்டிருக்கிறது. பம்புகள் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிய்த்துக்கொண்டு கிளம்பாமல் இருக்கும். அடக்கி வைத்த சிரிப்பும் அந்த நீரைப் போலத்தான், வழி கிடைத்தால் போதும்!

குக்கர் பேசியதில் அப்படி என்ன பெரிய நகைச்சுவை என்று கேட்பீர்கள். இங்கேதான் ஆச்சரியம்! அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன், ஜனங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் இடங்களில் 1,200 சிரிப்புகளைக் கவனித்துக் குறித்துவைத்தார். அவற்றில் ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றுக்குப் பின் வந்த சிரிப்பு வெறும் 10 முதல் 20 சதவீதம்தான். மற்றதெல்லாம் "சரி, நான் கிளம்புறேன்" போன்ற சப்பென்ற வார்த்தைகளுக்கு வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். ஆக, நோயாளியைச் சிரிக்கவைக்க யாரும் ஜோக் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும். கதவைச் சாத்தி "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நாள் முழுக்கத் தனியே விட்டுவிடுவதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை உலகத்துக்கு நிரூபித்தது நம் சென்னை, தெரியுமா? நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவான அதே 1956-ல்தான் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. காசநோய் என்றால் குடும்பத்தைவிட்டுப் பிரிந்து சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே, அந்தக் காலத்தின் அடையாளம்தான் அது. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் கட்டில், நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. இன்னொரு பகுதியினர் நெரிசலான தங்கள் சொந்த வீடுகளிலேயே இருந்தார்கள், சாப்பாடும் குறைவு. மாத்திரை மட்டும் இரு பகுதியினருக்கும் ஒன்றே. ஓராண்டு கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன்! வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானபின் உலகக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. பிள்ளைகள் அழுது, மாமியார் முணுமுணுத்து, கூட்டிப் பெருக்கி, சண்டை போட்டுச் சிரிக்கிற சாதாரண வீடு, மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், சானடோரியத்துக்கு ஈடாக நின்றது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

(காசநோய்க்கென்று பிற்காலத்தில் வந்த ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை மட்டுமல்ல, வியர்வையையும் கண்ணீரையும்கூட ஆரஞ்சு நிறமாக்கிவிடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் முதல் நாள் வீட்டில் கூச்சல்தான். சொல்லிவிட்டால், வெள்ளை பனியனைப் பார்த்து வீடே சிரிக்கும்.)

மருந்து பற்றித் திருவள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறாரே, அதன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு பங்கு பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து. நான்காவது பங்கு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்கிறவருக்கு! வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மனைவிக்கும், இரவில் எழுந்து உட்காரவைக்கும் மகனுக்கும், கஞ்சி ஆற்றும் அண்ணிக்கும் வள்ளுவர் தந்த இடம் அது. நான் பார்த்த ஒரு வீட்டு அம்மா, தன் கணவரின் மாத்திரைப் பெட்டியை ஷிப்ட் போட்டுப் பிரித்து வைத்திருந்தார். காலையில் போடுவது முதல் ஷிப்ட், மத்தியானத்தது இரண்டாம் ஷிப்ட், தூங்கும்முன் போடுவது நைட் ஷிப்ட். "என்னங்க, நைட் ஷிப்ட் ஆள் இன்னும் உள்ள போகலையே?" என்று அவர் கேட்பதும், ஆயுசு முழுக்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பதும் தினமும் நடக்கும். அந்த வீட்டில் மாத்திரை தவறவே தவறாது.

சிரிப்பு வலியைத் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது, தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். ஆட்களைக் கூட்டமாக உட்காரவைத்து நகைச்சுவைப் படம் காட்டினார்கள். வேறு சிலருக்குச் சிரிப்பே வராத படம். முன்னும் பின்னும் வலி தாங்கும் அளவைச் சோதித்தார்கள். எப்படி? ஃப்ரீசரில் உறையவைத்த உறையைக் கையில் மாட்டியும், பிபி பார்க்கும் பட்டையை இறுக்கியும்! சிரித்தவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது. வாய்விட்டுச் சிரிக்கும்போது உடம்புக்குள் சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு. வயிறு குலுங்குகிற சிரிப்புக்குத்தான் இந்தப் பலன், மரியாதைக்குப் புன்னகைப்பதற்கு இல்லை.

2005-ல் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்து இதய மருத்துவர் மைக்கேல் மில்லர் 20 பேருக்கு ஒரு நகைச்சுவைப் படத்தையும் ஒரு போர்ப்படத்தையும் காட்டி ரத்தக் குழாய்களை அளந்தார். சிரித்தபோது ரத்த ஓட்டம் சராசரியாக 22 சதவீதம் கூடியது, பதறியபோது 35 சதவீதம் குறைந்தது! இருபது பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் பைபாஸ் முடிந்து வந்த அப்பாவின் முன்னால் ராத்திரி ஏழிலிருந்து பத்துவரை அழுகை சீரியல் ஓடவிடும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நார்மன் கசின்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964-ல் முதுகெலும்பை இறுக்கிவிடும் கடும் நோய் வந்து, திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்தார். சினிமா புரொஜெக்டரை அறைக்கே வரவழைத்து மார்க்ஸ் சகோதரர்களின் பழைய நகைச்சுவைப் படங்களைப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். சிரிப்புச் சத்தம் மற்ற நோயாளிகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ள, ஆஸ்பத்திரியைவிட்டு ஒரு ஹோட்டல் அறைக்கே குடிபோய்விட்டார்! 1976-ல் அவர் கதையை உலகின் மிகப் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்று வெளியிட்டது. அவர் வைட்டமின் சி-யும் ஏராளமாக எடுத்துக்கொண்டார், அவரைக் குணமாக்கியது எது என்று மருத்துவர்கள் பிறகு விவாதித்தார்கள். சிரிப்பு நோயைத் தீர்க்கும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஆனால் வலியில் புரளும் மனிதருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் எவ்வளவு பெரியது என்று, பக்கத்தில் விழித்திருந்தவர்களைக் கேளுங்கள்.

மயக்க மருந்தின் கதையிலும் சிரிப்புக்குப் பங்கு உண்டு! 1844 டிசம்பர் 10, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரம். சிரிப்பு வாயு என்று பெயர்பெற்ற நைட்ரஸ் ஆக்சைடை முகரவைத்து ஜனங்களை ஆடவைக்கும் கேளிக்கை. வாயுவை முகர்ந்த ஒருவர் குதித்ததில் காலில் அடிபட்டு ரத்தம் கொட்டுகிறது, அவருக்கோ வலியே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் மறுநாளே அதை முகர்ந்து தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை! வலியில்லாத அறுவை சிகிச்சை ஊருக்கு ஊர் பரவுவதற்கு அந்தச் சிரிப்புக் கொட்டகை ஒரு பெரிய காரணம்.

மயக்கம் தெளியும்போது நடப்பவை இன்னும் விசித்திரம். நெதர்லாந்தில் கால்பந்து ஆடி முட்டியில் அடிபட்ட 17 வயதுப் பையன், ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் தாய்மொழியான டச்சு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆங்கிலம் மட்டும்தான்! அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருப்பதாகச் சாதித்தான், பெற்றோரையே அடையாளம் தெரியவில்லை. ஒரு நாளுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. 2022-ல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. நம் வீடுகளில் அவ்வளவு தூரம் போவதில்லை. தெளியும்போது "பீரோ சாவி எங்க வச்ச?" என்று மட்டும் கேட்ட ஒரு பெரியம்மாவை ஊரே இன்னும் கேலி செய்கிறது, அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

இப்போது வெட்கப்படாமல் ஒன்றைப் பேசுவோம். குடலில் ஆபரேஷன் முடிந்தவரிடம் டாக்டர் தினமும் கேட்கும் முதல் கேள்வி: "வாயு பிரிஞ்சுதா?" வீட்டில் காலமெல்லாம் முகம் சுளித்த அதே சத்தத்துக்காக இப்போது மொத்தக் குடும்பமும் தவம் இருக்கிறது! மயக்க மருந்தாலும் கத்தி பட்டதாலும் குடல் சில நாள் அசையாமல் உறங்கிவிடும். வாயு பிரிந்தால் குடல் விழித்துவிட்டது என்று பொருள், கஞ்சிக்கு அனுமதி. அந்தச் செய்தி கிடைத்ததும் கும்பகோணத்தில் இருக்கும் சித்திக்கு போன் போகிறது, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டது நினைவுக்கு வருகிறது. இந்தக் குடலை எழுப்ப எது உதவுகிறது என்று தெரியுமா? காபி! ஜெர்மனியில் பெருங்குடல் ஆபரேஷன் முடிந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் காபியும் மற்றவர்களுக்கு வெந்நீரும் கொடுத்துப் பார்த்தார்கள். காபி குடித்தவர்களின் குடல் முந்திக்கொண்டது. 2012-ல் வெளியான ஆய்வு. டாக்டர் சரி என்று சொன்னபின் மட்டும்தான் என்றாலும், ஃபில்டர் காபிக்கு ஏங்கும் நம் பெரியவர்களுக்கு இதைவிட இனிப்பான ஆராய்ச்சி வேறு இருக்க முடியாது!

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து அனுப்புவார்களே, நுரையீரல் விரிவதற்கு, அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், தெரியுமா? புல்லாங்குழலாக நினைத்துக் கன்னம் உப்ப ஊதிவிட்டு, "ஒரு பந்துகூட எழும்பலையே" என்று கவலைப்படுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர். பள்ளிவிட்டு வந்த பேரன் தன் வாயாலேயே காற்றை உறிஞ்சிக் காட்டி, "இப்படித் தாத்தா!" என்று சொல்லிக்கொடுப்பான். பிறகு போட்டி தொடங்கும். எத்தனை பந்து, எத்தனை நொடி என்று சுவரில் கணக்கு எழுதப்படும். தனியாகச் செய்யச் சொன்னால் அலுத்துப்போகிற பயிற்சி, பேரன் நடுவராக வந்தால் நிற்பதே இல்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகையைத்தான், அழுகை அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்த நகை பிறக்கும் காரணங்களில் எள்ளலும் உண்டு, இளமையும் உண்டு. நோயாளி வீட்டில் எனக்குப் பிடித்தது இளமையால் வரும் சிரிப்பு, பேரப்பிள்ளைகள் கொண்டுவருவது. எள்ளலை நோயாளியின் கையில் விட்டுவிட வேண்டும். தன் மொட்டைத் தலையை அவரே கேலி செய்யலாம், பார்க்க வந்தவர் தொடங்கக் கூடாது.

மொட்டைத் தலை என்றதும் நினைவு வருகிறது. கீமோதெரபியில் கொட்டிய முடி திரும்ப வரும்போது, சிலருக்குச் சுருட்டையாக வரும்! பிறந்ததிலிருந்து கோரை முடியோடு இருந்த அக்கா, கண்ணாடிமுன் நின்று புதுச் சுருளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் நாளாக ஆகப் பழையபடி நேராகிவிடும். கீமோ நாட்களில் சாப்பாடு இரும்பு மாதிரி ருசிப்பதும் பலருக்கு உண்டு. எவர்சில்வர் கரண்டியை வைத்துவிட்டு மரக் கரண்டி, பீங்கான் தட்டு என்று மாற்றினால் ஓரளவு தேவலை. எவர்சில்வரிலேயே ஊறிய நம் சமையலறையில் பாப்பாவின் பொம்மைத் தட்டில் அம்மா சாப்பிட உட்காருவதும், "என் தட்டு!" என்று பாப்பா உரிமை கொண்டாடுவதும் நடக்கும்.

நகைச்சுவை நடிகர் நாகேஷை உலகம் முதலில் கண்டுகொண்டதே ஒரு நோயாளியாகத்தான், தெரியுமா? ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடம் மட்டும் வந்து போகும் வேடம். அவர் துடித்த துடிப்பில் கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்த வயிற்றுவலிக்காரரைப் பெயர் சொல்லிப் பாராட்டிக் கோப்பை கொடுத்தார்!

நெய்வேலிக்குத் திரும்புவோம், ஒரு அமெரிக்க ஆய்வின் வழியாக. 1984-ல் ஆய்வாளர் ராஜர் உல்ரிச் வெளியிட்ட அது, மருத்துவமனைக் கட்டடங்களின் வடிவத்தையே மாற்றியது. பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்! நம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைச் சுற்றி மா, பலா, வேம்பு, முருங்கை என்று தோட்டம் போடாதவர் யார்? நோயாளியின் கட்டிலைச் சுவர்ப்பக்கமிருந்து ஜன்னல்பக்கம் நகர்த்துவதற்குச் செலவே கிடையாது. மரம் மட்டுமா தெரியும்? பலாக்காயை யார் பறித்தது என்று காம்பவுண்டுக்கு மேலே நடக்கும் விசாரணையும் கேட்கும். பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால், பார்க்க வருகிறவர் ஹார்லிக்ஸோடு ஒரு முழுப் பலாவையும் இறக்கிவிட்டுப் போவார். சர்க்கரை கூடியவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, வீடே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கும். "எனக்குக் கொட்டையாவது சுட்டுக் குடுங்கடி" என்று அவர் கேட்கும் குரலில்தான், ஆள் தேறிவருகிறார் என்பது தெரியும்.

கடைசியாகக் கண். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை செய்தார்! கண்புரை மெல்ல மெல்லப் பழுத்து, பார்வைமேல் மஞ்சளும் பழுப்புமாகப் படிகிறது. எடுத்தவுடன் நீலம் பளீரென்று தெரியும், வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-ல் கண்புரை எடுத்துக்கொண்டபின், நிறங்கள் மாறித் தெரிகின்றன என்று தவித்தார். நம் ஆயாக்களுக்குத் தவிப்பெல்லாம் இல்லை. கட்டுப் பிரித்த மறுநாளே கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார்கள். மின்விசிறித் தூசி, ஒட்டடை, பால் குண்டானின் அடிக்கறை, மருமகள் இத்தனை நாளாகத் தேய்த்த லட்சணம், எல்லாம் வரிசையாக வெளியே வரும். ஒரு வீட்டில் ஆயா மகனின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "ஏன்டா, உனக்கு எப்படா இவ்வளவு நரைச்சுது? சொல்லவே இல்ல?" என்றார். "பத்து வருஷமாச்சும்மா" என்று மகன் சொல்ல, "அப்ப எனக்கு?" என்று கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த கண்ணுக்கும் தேதி வாங்கச் சொன்னார்.